டிரம் நின்ற பிறகும் சுற்றிய தலை

என்ன மச்சான், சௌக்கியமா? அங்கேயாவது வாயை அடக்கி வைத்திருக்கிறாயா?

உன் தங்கச்சி அடுப்பில் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுகிறாள், முழங்கால் வலிக்காம். அந்த வாசனை ஏறியதும் உன் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது.

ஆம்பூர் தோல் பதனிடும் ஷெட்டில் நீ மேஸ்திரி, நான் டிரம் ஆள். தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே புரட்டியபடி அந்த மர டிரம் சுற்றுவதையே பார்த்து நின்றால் புது ஆளுக்குத் தலை சுற்றும். டிரம்மை நிறுத்தினால் சரியாகிவிடும். சிலர் எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பார்கள். அந்தக் கதை இப்போது எதற்கு?

நான் பழைய ஆள். ஒரு வாரமாகச் சளி, இடது காது அடைப்பு, உள்ளே இரைச்சல். அன்று காலை தரையே கவிழ்ந்தது. தூணைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். "டிரம்ம நிறுத்துங்கடா" என்று கத்தினாய். டிரம் நின்றது. என் தலை நிற்கவில்லை.

"டிரம் நின்னும் ஆடறான்னா உள்ள சரக்கு சுத்துது. இன்னா மாப்ள, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?"

நீ கேட்டதும் ஷெட்டே சிரித்தது. நான் ஒரு சொட்டுத் தொடாதவன் என்று உனக்குத் தெரியும். "காது மச்சான், காது" என்றேன். வீட்டுக்கு இழுத்து வந்து, "போதை எறங்கட்டும்" என்று காதில் பூண்டெண்ணெய் ஊற்றினாய். சுற்றல் ஜாஸ்தியானது. மறுநாள், "குடிகாரன்கிட்ட என் தங்கச்சி இருக்க மாட்டா" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டு, அவளைக் குடியாத்தத்தில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாய்.

பக்கத்து வீட்டு பாய்தான் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார். மூளையில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாராம். பிறகு கண்ணைப் பார்த்தார். கருவிழி ஒரு பக்கமாகத் துள்ளியதாம்.

"சளியில உள்காது வீங்கியிருக்குது. நம்மள நேரா நிக்க வைக்கிற எடம் அது. எண்ணெய் ஊத்தாதீங்க. சுத்தலுக்கு மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் படுத்தே கெடக்காம நடங்க, தலையத் திருப்பித் திருப்பிப் பழகுங்க."

"குடியால வந்ததா டாக்டரம்மா?" என்று பாய் கேட்டார்.

"யார் சொன்னது?"

பாய் குடியாத்தம் வந்து உன்னிடமே இதைச் சொன்னார். "டாக்டருக்கும் ஊத்திக் குடுத்துட்டானா?" என்றாய்.

உள்ளேயிருந்து கேட்ட உன் தங்கச்சி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். நான் சுவரைத் தொட்டு நடை பழகினேன், அவள் கூடவே நடந்தாள். சுற்றல் நின்றது. இடது காது இன்னும் பாதிதான் கேட்கிறது. ஷெட்டில் இன்னும் என்னைப் பார்த்தால் கட்டை விரலை வாய்க்குக் காட்டிச் சிரிக்கிறார்கள். சாகும்வரை, 'தப்பா சொல்லிட்டேன் மாப்ள' என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல காதைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

"ஏங்க, அண்ணன் படத்துக்கு மாலை எட்டல. வந்து போடுங்க."

போடுகிறேன், அவளுக்காக. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நீ

"ஏங்க, காதுல விழுதா இல்லியா!"

வர்றேன்டி.