மூணாவது சாவி

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரிக்கு,

இங்க நான் கல்லு மாதிரி இருக்கேன். நீயும் நம்ம பொண்ணும் எப்படி இருக்கீங்க? போன்ல பேசலாம்னா அறையில ஆறு கட்டில், பன்னெண்டு காது. அதான் தாளை எடுத்தேன்.

என் வேலை முடிஞ்சுது. கண்ணாடி துடைக்கிற கயித்தையும் இடுப்பு பெல்ட்டையும் சூப்பர்வைசர் கையில ஒப்படைச்சுட்டேன். மார்ச் கடைசி வரைக்கும் அறையில தங்கிக்கலாமாம். எந்தத் தேதி சொல்றேனோ அந்தத் தேதிக்கு டிக்கெட்டாம். நீ சொன்னே இல்ல, 'அரைமனசா வராதீங்க, பத்தொம்போது வருஷம் இருந்த ஊரைக் கண்ணாரப் பார்த்துட்டு வாங்க'ன்னு. சரின்னு கிளம்பிட்டேன்.

முதல்ல கோபுரம். நான் தொங்கித் தொங்கித் துடைச்ச அதே உசரக் கட்டடம்தான். இத்தனை வருஷத்துல உள்ள கால் வச்சதில்ல. சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டேன். சட்டைன்னதும் ஞாபகம் வருது, நீ குடுத்து விட்ட நீலச் சட்டை. அதைக் கீழ்க் கட்டில்காரன், அதான் நம்ம குறட்டை, இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான். அவன் பொண்டாட்டி 'இதே சட்டையில வந்து இறங்குங்க'ன்னு எழுதிட்டா. இப்ப சட்டையைத் திருப்பிக் குடுக்க மாட்டேங்கிறான். அது கிடக்கட்டும். எங்க விட்டேன்? கோபுரம்.

டிக்கெட் குடுக்கிற பொண்ணு, 'எந்த ஊர்ல இருந்து வந்திருக்கீங்க? எத்தனை நாள் இருப்பீங்க?'ன்னு கேட்டுச்சு. பத்தொம்போது வருஷமா இங்கதான்னேன். சிரிச்சுட்டு, புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கிற படம் போட்ட தாளை என் கையில குடுத்துச்சு.

மேல போனா, கண்ணாடிக்கு வெளிய யாரு தொங்குறது? குறட்டை! கையை ஆட்டுறேன், கண்ணாடியைத் தட்டுறேன், ம்ஹூம். வெளிய இருந்து பார்த்தா அதுல அவனவன் மூஞ்சிதான் தெரியும், உள்ள இருக்கிற ஆள் தெரியாது. எனக்கா தெரியாது? என் மூஞ்சி மேலயே சோப்புத் தண்ணியைத் தேய்ச்சு, வழிச்சு விட்டுட்டுக் கீழ இறங்கிப் போயிட்டான்.

ஊரே தெரிஞ்சுது. நீ பக்கத்துல இருந்திருந்தா 'அது என்ன, இது என்ன'ன்னு என் உசிரை வாங்கியிருப்பே.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 15

என் வீட்டுக்காரருக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நம்ம பொண்ணுதான் வாசிச்சா. குறட்டை உங்க மூஞ்சியைக் கழுவி விட்ட இடத்துல அவளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. அப்புறம் நான் தனியா ஒருதரம் வாசிச்சேன். 'நீ பக்கத்துல இருந்திருந்தா'ங்கிற இடத்தை மட்டும் ரெண்டு தரம்.

சட்டைக் கதையெல்லாம் எழுதினீங்க. தேதியை எழுதலையே?

குளியலறைக் குழாய் சொட்டுது. ஆளைக் கூப்பிடவான்னு பொண்ணு கேட்டா. 'வேண்டாம், அப்பா வந்து பார்ப்பாரு'ன்னுட்டேன். அடியில சொம்பு வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு நாலு சொம்பு ரொம்புது. சீக்கிரம் வாங்க, இல்லேன்னா நீந்தித்தான் வரணும்.

ரொம்பச் சுத்தாதீங்க. கால் வலிக்குதுன்னு வந்தா இங்க அமுக்கி விட ஆள் கிடையாது. (இருக்கு. சும்மா சொன்னேன்.)

உங்க வீட்டுக்காரி

பிப்ரவரி 27

என் வீட்டுக்காரிக்கு,

தேதி சொல்றேன், பொறு. இன்னும் படகு ஒண்ணு மிச்சம் இருக்கு. துறைமுகத்தைச் சுத்திக் காட்டுவாங்களாம். மிருகக்காட்சிசாலையும் பார்க்கல.

போன வாரம் மியூசியம் போனேன். ஒரு ஓட்டைப் பானையைப் பெட்டிக்குள்ள வச்சு விளக்குப் போட்டிருக்கான். நம்ம பரண்ல கிடக்கிறதும் அதேதான், என்ன, கண்ணாடி கிடையாது. அந்தக் கண்ணாடியையாவது ஒழுங்கா வச்சிருக்கானா? மூலையில அழுக்கு அப்படியே நிக்குது. கை சும்மா இருக்குமா? கைக்குட்டையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். காவக்காரன் விசில் ஊதிக்கிட்டு ஓடி வர்றான்! பார்க்க வந்தவங்க தொடக் கூடாதாம்.

இன்னொண்ணு சொல்லணுமே. கோபுரத்துல டிக்கெட் குடுக்கிற பொண்ணு என்னைப் பார்த்து, 'எத்தனை நாள் இருப்பீங்க?'ன்னு கேட்டுச்சு. அதைக் கேட்டதும் போன லீவு ஞாபகம் வந்துச்சு. பரண்ல இருந்து பூப்போட்ட தட்டை இறக்கி எனக்குச் சாப்பாடு வச்சே இல்ல? நல்ல தட்டு. விருந்தாளிங்க வந்தா எடுக்கிறது. சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதினேன்.

படகு முடியட்டும், தேதி சொல்றேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 10

என் வீட்டுக்காரருக்கு,

டிக்கெட் குடுத்த பொண்ணு கதையை முதல் கடுதாசியிலயே எழுதிட்டீங்க. ரெண்டாந்தரம் எழுதுறீங்கன்னா அது கோபுரத்துல தைக்கல, வேற எங்கயோ தைச்சிருக்கு.

ஊர் பார்க்கச் சொன்னது நான்தான். அதையே சாக்கா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. படகு முடிஞ்சா யானை, யானை முடிஞ்சா குரங்கு.

அந்தத் தட்டை ஆசையில இறக்கினேன். உங்களுக்கு அது குத்தும்னு எனக்குத் தோணல. நீங்க 'உப்பு எங்க இருக்கு?'ன்னு கேட்டீங்க, நானும் பொண்ணும் சிரிச்சோம். அன்னைக்கு நீங்க உப்பே போட்டுக்காம சாப்பிட்டு எந்திரிச்சீங்க. பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா இருந்துட்டேன். அந்தத் தட்டை எதிர்வீட்டுக்காரிக்குக் குடுத்தாச்சு. இனிமே உங்களுக்கு நம்ம ஒடுங்கின தட்டுதான்.

இன்னொண்ணு. உங்களைக் கூட்டிட்டு வர யாரும் வர மாட்டோம். விருந்தாளியைத்தான் எதிர்ல போய் அழைக்கணும். நம்ம பூட்டோட மூணு சாவி வந்துச்சு. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு பொண்ணு பையில. மூணாவது இத்தனை நாளும் ஆணியில தொங்குச்சு. இதுக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்.

எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டணும்னு கேக்க, சாவியைக் கவர்ல போட்டு முன்னாடியே எடுத்துட்டுப் போனேன். தபால் ஆபீஸ்காரர் தூக்கிப் பார்த்து, 'என்னம்மா உள்ள?'ன்னார். 'சாவிங்க. வீட்டுக்காரர் எடுக்காம கிளம்பிட்டாரு'ன்னேன். 'அடடா, எப்பக் கிளம்பினாரு?'ன்னார். 'பத்தொம்போது வருஷம் ஆச்சு'ன்னேன். மனுஷன் ஸ்டாம்பை எண்ணிக் கையில குடுத்துட்டார்.

இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.

உங்க வீட்டுக்காரி

மார்ச் 20

என் வீட்டுக்காரிக்கு,

சாவி வந்துச்சு.

முப்பத்தொண்ணாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. படகுக்குப் போகல. குழாய்க்கு வாஷர் வாங்கிட்டேன். அளவு தெரியாததால மூணு அளவுலயும் வாங்கினேன்.

யாரும் எதிர்ல வராதீங்க.

நம்ம கதவை உள்ள தள்ளணுமா, வெளிய இழுக்கணுமா? ராத்திரி முழுக்க யோசிச்சுட்டேன், ஞாபகம் வரல. நீ எழுதாதே. நானே வந்து பார்த்துக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்