சாவி குளுவாங்கில்

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
4-2-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதினால் அது பாதி பொய். தீபாவளிக்கு மறுநாள் நீ பெட்டியோடு கிளம்பியதிலிருந்து நான்கு கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. இதற்காவது எழுதுவாய். ஏனென்றால் இந்த உறைக்குள் ஒரு சாவி இருக்கிறது. பஞ்சில் சுற்றி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். பத்திரம். வேறு சாவி கிடையாது.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயில் வாசலில், வாய்ப்பூட்டு வேண்டுதல்காரர்கள் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு போவதைப் பார்த்தேன். நாக்கால் தப்பு செய்தவன் வாயைப் பூட்டிக்கொள்கிறான். என் தப்பு நாக்கோடு நிற்கவில்லை. பின்சந்துப் பெண்கள் வீட்டுக்குப் போய்வந்தேன், நீ கேட்டபோது இல்லவே இல்லை என்று சாதித்தேன். அதனால் எங்கே பூட்ட வேண்டுமோ அங்கே பூட்டிக்கொண்டேன்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் பெட்டி, பூட்டு ரிப்பேர் செய்யும் அஹமது கபீர் நானாவை உனக்குத் தெரியும். அவர்தான் செய்துகொடுத்தார். இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை, முன்னால் ஒரு தகடு, பக்கத்தில் சின்னப் பூட்டு. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வழி விட்டிருக்கிறார். வேறு எதற்கும் வழியில்லை. உன் கையால் திறக்கும்வரை கழற்றுவதில்லை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

25-ஆம் தேதி சனிக்கிழமை துறைமுகத்தில் லீவு கேட்டிருக்கிறேன். ரயிலில் குளுவாங் வந்து, அங்கிருந்து உங்கள் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறலாமா? வழியில் சோதனை எப்படி என்று எழுது.

உன்,
வைரக்கண்ணு


எஸ்டேட் பள்ளிக்கூடம், குளுவாங்
9-2-1956

சிங்கப்பூரில் இருக்கும் அவர்களுக்குச் சந்திரமதி எழுதுவது.

சாவி வந்தது. தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்து, பெட்டிச் சாவியா டீச்சர் என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

உங்களுக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டதா? பூட்டு வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? செய்தது நீங்கள், இப்போது காவல் வேலை எனக்கா? பள்ளியில் நாற்பது பிள்ளைகளைக் காவல் காப்பது போதாதா? கோபத்தில் சாவியைக் கிணற்றில் போடப் போனேன். பிறகு உங்கள் கதி என்ன ஆகும் என்று நினைத்துக் கை வரவில்லை. இப்போது அது என் சேலைப் பெட்டியில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

சோதனையைக் கேட்டீர்கள். நீங்கள் இருக்கும் ஊர் வேறு, இங்கே அவசரகாலம் வேறு. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போகக்கூடாதென்று, பஸ்ஸிலிருந்து இறக்கி ஒவ்வொருவரையும் தடவிப் பார்க்கிறார்கள். பெண்களைச் சாக்குத் திரைக்குப் பின்னால், ஆண்களை நடுரோட்டில். போன மாதம் ஒருவர் இடுப்பில் மாத்திரைப் பொட்டலம் கட்டியிருந்தார், நான்கு நாள் உள்ளே வைத்தார்கள். உங்கள் இடுப்பில் கை பட்டால் இரும்பு. துப்பாக்கி என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் கையில் நிஜத் துப்பாக்கி இருக்கிறது.

அண்ணன் இந்த எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரிய கிராணி. அவருடைய மச்சான் நடுரோட்டில் அப்படி நிற்பதை எல்லோரும் பார்த்தால் அவர் எப்படி ஆபீஸ் போவார்? நான் எப்படி வகுப்பில் நிற்பேன்? அதோடு வரவேண்டாம்.

சந்திரமதி


நோரிஸ் ரோடு
15-2-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

திட்டினாலும் எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன்.

பயம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் ஒத்திகை பார்க்கிறேன். பெரிய அளவில் கறுப்புக் கால்சட்டை தைத்தேன். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே பழைய வேட்டித் துணி சுற்றி, பவுடர் போட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டிலிருந்து கேலாங்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும் கணீர் என்றது. இனி பையில் ஒரு சாவிக்கொத்து போட்டுக்கொள்வேன், சத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. ரயில் ஏறும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று தீர்மானம்.

துறைமுகத்தில் சாக்கு எண்ணும்போது குனிய முடியவில்லை. மேஸ்திரி ஒரு மாதிரி பார்க்கிறார். முதுகுப் பிடிப்பு என்றேன். வலது பக்கம் தோல் உரிந்து புண்ணாகியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

சோதனையைப் பற்றி நானாவிடம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "குடலிறக்கப் பட்டைன்னு சொல்லுங்க தம்பி. டாக்டரு போட்டுவிட்டாருன்னு சொல்லுங்க. ஆனா சிரிக்காம சொல்லணும் லா." கூடவே, அறுத்துவிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நீ திறக்காமல் நானாகக் கழற்றினால், நான் சொல்லும் எதை நீ நம்புவாய்? சொல்லிச் சொல்லித்தானே ஏமாற்றினேன்.

25-ஆம் தேதி வருகிறேன். நீ வேறு விதமாக எழுதினால் ஒழிய.

உன்,
வைரக்கண்ணு


எஸ்டேட் பள்ளிக்கூடம்
23-2-1956

வைரக்கண்ணு அவர்களுக்கு என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

பரீட்சை நடக்கிறது, அதனால் தாமதம். இல்லை, அது சாக்கு. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

இந்த உறையில் சாவி இருக்கிறது. கிடைத்ததும் திறந்து, அந்த இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு, புண்ணுக்கு மருந்து போடுங்கள். என் கையால் திறக்க வேண்டும் என்றுதானே வேண்டுதல்? என் கையால்தான் உறையில் போட்டு ஒட்டுகிறேன். முருகன் இதற்கு மேல் கணக்குப் பார்க்கமாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சாவி இங்கே வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். நவம்பரிலிருந்து இல்லாத தூக்கம். உங்களுக்கு அங்கே தோல் உரிகிறது, நான் இங்கே தூங்குகிறேன். உங்களை நம்பி வந்த தூக்கமில்லை அது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்படி ஒரு நிம்மதி எனக்கு வேண்டாம்.

வெறும் ஆளாக வாருங்கள். பேசலாம். திரும்பி வருவேனா என்று இன்னும் சொல்லவில்லை.

சந்திரமதி


நோரிஸ் ரோடு
28-2-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதமும் சாவியும் சனிக்கிழமை பகலில் இங்கே வந்திருக்கின்றன. நான் அன்று விடியற்காலையே ரயில் ஏறிவிட்டேன். நேற்றுத்தான் திரும்பி வந்து பார்த்தேன்.

ஜோகூர் பாருவில் ஒன்றும் ஆகவில்லை. பையை மட்டும் பார்த்தார்கள். குளுவாங்கில் பஸ் ஏறும்போது பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தேன். உங்கள் எஸ்டேட்டுக்கு இரண்டு மைல் முன்னால் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவராகக் குறையக் குறைய நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீரும் குடிக்கவில்லை. சோதனை போடும் ஆள் என் இடுப்பில் கை வைத்ததும் பின்னால் குதித்துக் கத்தினான். இரண்டு துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. குடலிறக்கப் பட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்குப் புண்ணியம்.

இன்ஸ்பெக்டர், பூட்டியிருக்கிறதே, சாவி யாரிடம், எந்த எஸ்டேட்டுக்குப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாவிக்காரரைக் காட்டினால் உடனே விட்டுவிடுவதாகவும் சொன்னார். சாவியைக் கடலில் போட்டேன், வேலை தேடி வந்தேன், இங்கே எனக்கு யாருமில்லை என்றேன். ஒரு நாள் முழுக்க அதையேதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டறைக்காரரைக் கூட்டி வந்து அறுத்தார்கள். என் துறைமுகச் சீட்டைப் பார்த்து, பைத்தியம், ஆபத்தில்லாதது என்று முடிவு கட்டி ரயில் ஏற்றிவிட்டார்கள்.

வேண்டுதல் முறிந்தது. யாரோ ஒரு பட்டறைக்காரர் கையால் திறந்தது. நீ இரண்டு மைல் தூரத்தில் இருந்தாய், பார்க்காமல் வந்தேன். உன் பெயரும் அண்ணன் பெயரும் அங்கே யாருக்கும் தெரியாது, அதற்கு நான் உத்தரவாதம். இப்போது என்னிடம் பூட்டும் இல்லை, நம்பச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இனி நீ எழுதாவிட்டாலும் கோபிக்கமாட்டேன்.

வைரக்கண்ணு


எஸ்டேட் பள்ளிக்கூடம்
2-3-1956

அத்தான்,

நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும், சாவடியில் பிடிபட்ட ஒரு சிங்கப்பூர்ப் பைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். சாவடிக் காவலர் இப்ராஹீம் ஆபீஸுக்கு வந்து நடித்தே காட்டினாராம். பிடிபட்டவர் பெயர் அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் சோறு தொண்டையில் சிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன் அத்தான். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தேன். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு இங்கே யாருமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்று உங்கள் கடிதம் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

இன்று காலை இப்ராஹீம் பள்ளி வராந்தாவில் நின்று, மற்ற வாத்தியார்களுக்கு மறுபடியும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் இருந்தார். நான் வகுப்பிலிருந்து வெளியே வந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். "அவர் பேரு வைரக்கண்ணு," என்றேன். "என் புருஷன். என்னைப் பார்க்கத்தான் வந்தாரு. சாவி என்கிட்டதான் இருந்துச்சு." உங்கள் பெயரை நான் வாயால் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒருவரும் சிரிக்கவில்லை. இப்ராஹீம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாம பேசிட்டேன் டீச்சர் என்றார். அண்ணன் முகம் கறுத்துப்போய் ஆபீஸுக்கு நடந்துவிட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார், நாளாகும்.

உங்களை முழுதாக நம்புகிறேன் என்று எழுத வரவில்லை, எழுதவும் மாட்டேன். பழைய பயம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் வருகிறேன். பத்தாம் தேதி சனிக்கிழமை பகல் ரயில். ஸ்டேஷனுக்கு வாருங்கள், பெட்டி கனம், நீங்கள்தான் தூக்க வேண்டும். புண் ஆறவில்லை என்றால் தூக்க வேண்டாம், கூலி பிடித்துக்கொள்ளலாம்.

சந்திரா