பின்கழுத்தில் ஓர் அங்குலம்

மார்ச் 4
முடிதிருத்துபவருக்குப் பின்கழுத்தில் அறுவை. இரண்டு மாதம் முன்பு நானே சோதனைக்குத் துணுக்கு எடுத்து, புற்று என்று உறுதியான இடம். தழும்பு மங்கிவிட்டது, சுற்றிலும் வெயிலில் கறுத்த புள்ளிகள் நாலைந்து. அன்று எடுத்த படத்தைத் திறந்தால் திரை முழுக்கத் தோல். காதும் இல்லை, முடியோரமும் இல்லை. என்ன லட்சணத்தில் எடுத்தேனோ. சுவர்க்கண்ணாடி முன் உட்காரவைத்துக் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். "நாப்பது வருஷமா அடுத்தவங்க பின்கழுத்தக் கண்ணாடியிலதான் பாக்குறேன் டாக்டர். இதுதான்" என்று ஒரு புள்ளியில் விரல் வைத்தார். வெட்டினேன்.

மார்ச் 9
சோறு இறங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? அவர் காட்டிய இடத்தை நான் சரிபார்க்கவே இல்லை.

மார்ச் 12
அறிக்கை: புற்று இல்லை. நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். முதல் துணுக்கிலேயே முழுதும் வந்திருக்கலாம் — அப்படியும் நடப்பதுண்டு. மனசு கேட்காமல் ஆய்வக டாக்டரைக் கூப்பிட்டேன். வெட்டிய தோலில் பழைய தழும்பு தெரிந்ததா? "இல்லையே. நானே கேக்கணும்னு இருந்தேன்." இடம் மாறிப்போச்சு.

மார்ச் 13
நான் வாயைத் திறக்காவிட்டால் முடிதிருத்துபவருக்குத் தெரியப்போவதில்லை. பின்னால் வளர்ந்து வந்தால் 'திரும்ப வந்திருக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் யோசிக்கிறது நான்தானா? சீ.

மார்ச் 14
மகளோடு வந்தார். சொல்லிவிட்டேன். "நான் காட்டுனதுதானே" என்று முனகினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. சரிபார்க்க வேண்டியது என் வேலை, தப்பு என்னுடையது என்றேன். மகள் எழுந்து, அப்பாவின் முடியை விலக்கி, காதுப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி விரல் வைத்தாள். "இங்க. பத்து நாள் மருந்து போட்டது நான். ஆபரேஷன் அன்னைக்குக் கதவுக்கு வெளியதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே." விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். வெளிறிய கோடு, அங்கேயேதான்.

மார்ச் 18
மறு அறுவை. மகளை உள்ளே அழைத்தேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு முடிக்கும்வரை வைத்த விரலை எடுக்கவும் இல்லை.

மார்ச் 26
தழும்பு இருந்தது. புற்றும் இருந்தது, முழுக்க வந்துவிட்டது. அறிக்கை வாங்க மகள் மட்டும் வந்தாள். தையல் பிரிக்க வேறு டாக்டரிடம் போகிறார்களாம், கடிதம் வேண்டும் என்றாள். வலித்தது. எந்தப் பக்கம், காதிலிருந்து எத்தனை விரல், முதலில் எங்கே தவறாக வெட்டினேன், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போனாள்.