குழாய்ச் சத்தம்

ஆவணி 9, திங்கள்

சோறு போடும்போது சின்னவள் கேட்டுவிட்டாள். "முன்னெல்லாம் பாடுவீங்களே, ஒரு பாட்டுப் பாடுங்கப்பா."

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது குடிச்சா வர்ற பாட்டு சாமி. இப்ப வராது."

குடியை விடுவதற்காக வைத்தியத்துக்குப் போய் வந்ததிலிருந்து இவர் அதிகம் பேசுவதே இல்லை. கல்யாணமான புதிதில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வேலைக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்புவார். தெருமுனையிலேயே பாட்டுக் கேட்கும். நான் உலை வைப்பேன். அப்போது கொஞ்சமாகத்தான் குடிப்பார். பிற்பாடு அடியும் சண்டையுமாகப் போனதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்தப் பாட்டு மட்டும் திரும்ப வேண்டும்போல இருந்தது. நான் இப்படி ஆசைப்பட்டது எங்கம்மா காதில் விழுந்தால் செருப்பாலேயே அடிக்கும்.

சாப்பிட்டு எழுந்தவர் குளிக்கிற ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். முன்பு ஒளித்துக் குடிக்கும்போதெல்லாம் கேட்ட சத்தம் அதுதான். ஓடிப்போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

உள்ளே பாடிக்கொண்டிருந்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. பாதி வரி மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் குழாய் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஊருக்கு விடுகிற ஆத்துத் தண்ணி இனி வியாழக்கிழமைதான் வரும். தொட்டி காலியானால் ஆகட்டும்.