கூறைச்சேலையில் சுற்றிய துவக்கு

இஞ்சாருங்கோ,

தனியார் துவக்கு வைத்திருப்பதை அரசாங்கம் தடைசெய்யப்போகிறது என்று கேள்விப்பட்டதும், அதை எதிர்க்க ஆள் பிடிக்கக் கொழும்புக்கு ஓடினீர்கள். இங்கே மரவள்ளித் தோட்டத்தில், வெடி வைக்க ஆளில்லாமல், தகரம் தட்டிக் குரங்கு கலைப்பவள் நான்தான்.

துவக்கைப் பறிக்க வேண்டாமென்று கேட்கும் மனுவை நேற்று நீங்கள் தொலைபேசியில் சொல்லச்சொல்ல எழுதினேன். "இருவது வருசமாய் என்னோடை இருக்குது. உது இல்லாமல் என்னாலை இருக்கேலாது" என்றீர்கள். நான் வந்து இருபத்திரண்டு வருடம். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரிடமாவது சொன்னீர்களா?

துவக்கின் இலக்கத்தை மனுவில் குறிக்க இன்று அலுமாரியைத் திறந்தேன். கறள் பிடிக்காமல் அதை என் கூறைச்சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறீர்கள்! தோய்த்தும் எண்ணெய்க் கறை போகவில்லை.

துவக்கைச் சாக்கில் சுற்றிவிட்டேன். மனுவில் கையெழுத்து வைக்க வரும்போது அவளுக்கென்று தனியாக ஒரு சேலை வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த தாரம்