ஓடு போட்டால் அனுப்புகிறேன்

கீழ்பென்னாத்தூர்
11-1-1982

கலாக்குட்டி,

அக்கா வேதா எழுதுகிறேன். செத்தவளுக்குக் காகிதம் எழுதுகிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உன் மகள் உண்ணாமுலை என்னிடம்தான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். தீக்குச்சி கிழித்தால் மட்டும் ஓடிவந்து என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

உங்கள் ஊர் அடி அண்ணாமலைக்குப் போய் வீட்டைப் பார்த்தேன். தீபத்தன்று காலையில் எல்லாக் கூரை வீட்டுக்காரர்களும் செய்கிற மாதிரி நீங்களும் கூரை மேல் தண்ணீர் ஊற்றினீர்களாம். ஆனால் மழைக்கு ஒழுகுகிறது என்று கீற்றின் மேல் தார் ஷீட் விரித்திருந்தீர்களே. ஊற்றியதெல்லாம் அதில் வழுக்கித் தரைக்கு வந்துவிட்டது. எரியாத மூலையில் ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கீற்று காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் சுழற்றிய மாவளியிலிருந்து ஒரு பொறி விழுந்திருக்கிறது. தார் கொதித்துச் சொட்டவும், ஒருத்தராலும் வாசல்படி தாண்டி உள்ளே வர முடியவில்லையாம். குழந்தையை வெளியே தள்ளினாயே, கூடவே நீயும் வந்திருக்கக் கூடாதா?

உன் அக்கா,
வேதா


3-3-1982

கலாக்குட்டி,

உன் வீட்டுக்காரர் தருமன் வந்தார். இளைத்துவிட்டார். அதே இடத்தில் வீடு கட்டுகிறாராம்.

"பொண்ண அனுப்புங்க அண்ணி. எங்கம்மா பாத்துப்பாங்க."

"கூரைக்கு என்னா போடறீங்க?"

"கீத்துதான். மேல தார் ஷீட்டு. செலவு கம்மி."

"மறுபடியுமா?"

"ஊருல யாரு வீட்ல இல்ல? அன்னிக்கு என் தலையெழுத்து."

"தலையெழுத்தா எரிஞ்சிது? தாரும் கீத்தும்தான் எரிஞ்சிது. ஓடு போடுங்க."

"ஓடு போட நான் என்னா ஜமீனா? புள்ளைய வெச்சுக்கறதுக்கு இது ஒரு சாக்கா உங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடு போடுங்க. மறுநாளே நானே கூட்டியாந்து விடறேன்" என்று சொல்லிவிட்டேன். வைத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உன் அக்கா,
வேதா


8-6-1982

கலாக்குட்டி,

மாட்டை விற்று ஓடு போட்டுவிட்டார். நான் சும்மா விடவில்லை. ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்த்தேன். சமையலுக்குத் தனியாக மண்சுவர் எழுப்பியிருக்கிறார். அடுப்புக்கு மேலும் ஓடுதான். கீற்று என்று ஒரு துண்டுகூட இல்லை.

"இன்னும் என்னா பாக்கணும் அண்ணி?" என்று சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். மாமியாரும் குழந்தைக்கென்று புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடித்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், உள்ளேயிருந்து உன் மகள், "அம்மா வந்துட்டியா?" என்றாள். இத்தனை நாளாகப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். திருத்த எனக்கு வாய் வரவில்லை. "வந்துட்டன்டி கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

வாக்குக் கொடுத்தவள் நான்தான். அவர் பேரில் தப்பு இல்லை. பெற்றவள் நீ சொல்லு கலா, அனுப்பட்டுமா?