எர்த் குழிக்கு இரண்டு குடம்

தூத்துக்குடி
9.10.2024, புதன்

அன்புத் தம்பி நேசக்குமாருக்கு,

மாரிராஜ் எழுதுவது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி நம் கடை கேம் மெஷினில் கை வைத்த என் மனைவி முருகேஸ்வரியை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்ததே, அதற்குக் காரணம் உன் வயரிங் அல்ல. நான்தான். அன்றைக்கு நீ குடித்திருக்கவில்லை. குடித்துவிட்டுப் போட்ட வயரிங் என்று நம் கடைக்கு எதிரே ரெக்சன் டீக்கடை முன்னால் அத்தனை பேர் பார்க்க நான் சொன்னது பொய். பியூஸ் கட்டையைத் திருடிக்கொண்டு போய்விட்டாய் என்று சொன்னதும் பொய்.

இதைப் போனில் சொல்லலாம் என்றால் நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்குப் போய் உன் மனைவி ஜீவமணியிடம் கேட்டேன். நீ வேலைக்குப் போயிருக்கும் குஜராத் காண்ட்லா துறைமுகத்திலிருந்து சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னாள். "போன்ல பேசுனா அண்ணாச்சி ஜெயிச்சிருவாரு. பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. எங்கன வச்சுச் சொன்னாரோ அங்கனயே வச்சு வாசிக்கச் சொல்லு." இருபது வருடம் சரக்கு பேசி வாங்கியவன் நான். என்னை நீ சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாய். நாளைச் சாயங்காலம் டீக்கடையில் இதை வாசிக்கப்போகிறேன். அங்கே இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த சரக்கை ஏலம் விட்டபோது அந்த மெஷினை எடுத்தேன். ஆள் உயரப் பெட்டி, நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கடலுக்கடியில் ஒருவன் மூழ்கி மூழ்கிச் சிப்பி பொறுக்குகிற ஆட்டம். நீதான் அதைப் பிரித்து, எலி கடித்த வயரையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தாய். மத்தியானத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தோம். முதல் முறை திரை எரிந்தபோது கடை முழுக்க நீலம். சுவரோரம் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகள்கூட தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தன. நான் கிட்டப் போனேன். கை மயிரெல்லாம் தன்னால் எழுந்து நின்றது. நீ என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். "அண்ணாச்சி, அணைச்சாலும் இதுக்குள்ள கரண்ட் உறங்காமக் கெடக்கும். நான் சொல்லாமக் கை வைக்காதீங்க" என்றாய்.

கடைசியாகப் பின்னால் முற்றத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி எர்த் போட்டாய். வெயில் காலத்தில் அது காயக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் வந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாய். ஒரு குடத்தில் கைப்பிடி உப்பு. "கொழுக்கட்டையும் வைக்கலாம்லே, கோயில் கட்டிருவோம்" என்று நான்தான் உன்னைக் கேலி செய்தேன்.

ஜூனில் ஐஸ்கிரீம் பெட்டி வந்தது. வைக்க இடமில்லை. முற்றத்துக்கு டைல்ஸ் போட்டு எர்த் குழியையும் சேர்த்து மூடி, அதன் மேலேயே பெட்டியை வைத்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நீ குடத்தோடு வந்து மூடியைத் தேடிக்கொண்டு நின்றாய். "கீழதாம்ல இருக்கு, எங்க ஓடிப்போவப் போவுது" என்றேன். "தவிச்சுப் போவும் அண்ணாச்சி, ஒரு டைல்ஸையாவது எடுத்து வழி விடுங்க" என்றாய். ஏழு வெள்ளிக்கிழமை கேட்டாய். சீசன் முடியட்டும் என்று ஏழு வெள்ளிக்கிழமையும் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாமல் மறைத்தது ஒன்று இருக்கிறது. ஜூலையிலேயே மெஷின் லேசாகக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. கடற்கரையிலிருந்து ஈரக் காலோடு வரும் பிள்ளைகள் காசு போடும் கதவைத் தொட்டுவிட்டு, "எறும்பு கடிக்குது, எறும்பு கடிக்குது" என்று சிரித்தார்கள். பிறகு அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. ஆறேழு பேர் கை கோத்து நிற்பார்கள். முதல் ஆள் கதவைத் தொட, கடைசி ஆள் துள்ளுவான். "செருப்புப் போட்டு வெளையாடுங்கலே" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நான் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்துக்கு வந்ததைவிட எறும்புக்கு வந்த கூட்டம் அதிகம். தெரிந்துதான் விட்டேன். நாளைக்கு டீக்கடையில் அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் இருப்பார்கள். அவர்கள் காதிலும் விழட்டும்.

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துக்காக மெஷினைச் சுற்றி சீரியல் லைட் போட்டதும் நான்தான். உன்னைக் கூப்பிட்டால் எர்த் பேச்சு வரும் என்று நானே மெஷினுக்குள்ளே டியூப் லைட் லைனில் முறுக்கி, வயரைக் காசுக் கதவு இடுக்கு வழியாக வெளியே எடுத்தேன். மூன்றாம் தேதி காலையில் முருகேஸ்வரி ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள். சத்தம்கூட வரவில்லை. நான்கடி தள்ளிக் கிடந்தாள். அவளுக்கு வலது கை மூன்று நாள் மரத்துக் கிடந்தது. நீ துறைமுகத்து வேலையிலிருந்து ஓடி வந்து முதலில் போர்டிலிருந்து மெஷின் லைனின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டாய். அதற்குப் பிறகுதான் நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

போன மாதம் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து கிங்ஸ்டன் என்கிற எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தேன். மெஷினின் பின்பலகையைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "யாரு அண்ணாச்சி கட்டுனது? பொம்பளப் பிள்ளைக்குச் சடை பின்னுன மாதிரில்லா இருக்கு" என்றான். ஒவ்வொரு வயரிலும் நீ ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. சீட்டு இல்லாத வயர் ஒன்றே ஒன்று. கதவுக் கீலில் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அது நான் போட்டது.

"இது பட்டாலும் எர்த் நல்லா இருந்தா பியூஸ் போயிருக்கும், பெட்டியில கரண்ட் நிக்காது. எர்த் குழி எங்க?" என்று கேட்டான். நான் ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், இருபது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு பார்வை யாரும் என்னைப் பார்த்ததில்லை.

டைல்ஸை உடைத்தோம். கரி சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது. கிங்ஸ்டன் குண்டு பல்பின் ஒரு வயரை லைனிலும் ஒரு வயரை எர்த்திலும் வைத்தான். உள்ளே கம்பி புழு மாதிரிச் சிவந்ததோடு சரி. தண்ணீர் ஊற்றினேன். ஒரு குடம் உள்ளே போன இடம் தெரியவில்லை. இரண்டு, மூன்று. குழிக்குள் யாரோ மடக் மடக்கென்று குடிப்பது போலச் சத்தம். நாலாவது குடத்தில் பல்பு மெல்ல மஞ்சளாகி, பிறகு கண் கூசுகிற மாதிரி முழுதாக எரிந்தது. கிங்ஸ்டன் எடுத்த பிறகும் என் கண்ணுக்குள் அது எரிந்துகொண்டே இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இது என் சொந்தப் புத்தியோடு, யாரும் மிரட்டாமல் எழுதியது.

மாரிராஜ்

11.10.2024, வெள்ளி

தம்பி, இனி எழுதுவது உனக்கு மட்டும்.

நேற்று வாசித்துவிட்டேன். பாதி வாசிக்கும்போதே ரெக்சன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். முடித்துத் தலை நிமிர்ந்தால், பெஞ்சுக் கடைசியிலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, நடுவுல திருச்செந்தூர் பஸ் போயிட்டு, ஒண்ணும் கேக்கல. முதல்ல இருந்து வாசிங்க" என்றான். வேண்டுமென்றே கேட்டான் என்று தெரியும். இரண்டாம் தடவையும் வாசித்தேன். எறும்பு விஷயம் வந்ததும் ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றவர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. அன்றைக்கு நான் அவ்வளவு பேசியபோது டைல்ஸ் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே அடங்கியிருப்பேன். நீ சொல்லவில்லை. கருவிப் பெட்டியை மூடினாய், போய்விட்டாய். ஜீவமணியிடம் கேட்டேன். "நானும் கேட்டேன் அண்ணாச்சி. அந்தக்கா கை வெறைச்சுப் போயி உக்காந்திருக்கா, அந்நேரம் ஒம் புருசந்தான் காரணம்னு எப்படிளா சொல்லுகதுன்னுட்டாரு" என்றாள். வீட்டுக்கு வந்து முருகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் அந்தக் கையைத் தடவிக்கொண்டே, "என்னைத் தூக்கி எறிஞ்சது கூட ஆறிட்டு. அந்த மனுசனைக் குடிகாரன்னு சொன்னீங்களே, அது ஆறல" என்றாள். மூன்று வருடமாக நீ ஒரு சொட்டு தொடவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த இடத்தில் அடித்தேன். இதை டீக்கடையில் வாசிக்கிற காகிதத்தில் எழுதத் தைரியம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மத்தியானம் கடையில் கண்ணயர்ந்தால் ஒரே கனவு வருகிறது. எனக்கு நீச்சல் தெரியாது, ஆற்றங்கரையில் பிறந்தும் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. கனவில் துறைமுகப் பாலத்திலிருந்து படி இறங்குவது போலக் கடலுக்குள் நடந்து போகிறேன். மூச்சு முட்டவில்லை. அடியில் மணலில் நம் மெஷின் எரிந்துகொண்டு நிற்கிறது. மீன்கள் திரைக்கு முன்னால் வரிசையாக, காசு மாற்ற வந்தவை போல. நீ பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து இருக்கிறாய், தலைமுடி மேலே மிதக்கிறது. நான் கை நீட்டுகிறேன். திரும்பாமலே, "நான் சொல்லாமக் கை வைக்காதீங்க" என்கிறாய். நான் காத்து நிற்கிறேன். நீ சொல்வதற்குள் விழித்துவிடுகிறேன். சட்டையெல்லாம் வேர்வை, வாயில் உப்புக் கரிப்பு.

இன்றைக்கு ஆயுத பூஜை. நீ மெஷின் மேலேயே விட்டுப்போன டெஸ்டர் ஸ்குரூ டிரைவருக்கு முருகேஸ்வரி சந்தனம் குங்குமம் வைத்து, என் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். மெஷினுக்கு மாலை போட்டிருக்கிறோம். போர்டில் பியூஸ் கட்டை இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. கடையில் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். கிங்ஸ்டன்கூட வாங்கித் தரவா என்று கேட்டான். வேண்டாம், அது காண்ட்லாவில் இருக்கிறது, வரும் என்றேன்.

நவம்பர் கடைசியில் உன் காண்ட்ராக்ட் முடிகிறது என்று ஜீவமணி சொன்னாள். அங்கே உப்புக் காற்று நம்மூரைவிட மோசம் என்கிறார்கள், நெஞ்சுச் சளியைக் கவனித்துக்கொள். கிரேனில் ஏறும்போது கீழே பார்க்காதே. வரும்போது மதுரையில் இறங்கிப் போன் செய், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் போனை எடுக்கவில்லை என்றால் ஸ்டேஷனிலேயே நில், அங்கேதான் இருப்பேன்.

மெஷின் வருமானத்தில் பாதிப் பங்கு தருகிறேன் என்று நான் சொல்லியனுப்பியதற்கு, "பங்கு வேண்டாம், பங்கு இருந்தா அண்ணாச்சிகிட்ட வாதாட முடியாது" என்றாயாம். சரி. ஜீவமணி வழியாக நீ கேட்டு நான் ஒத்துக்கொண்டது இது: பழைய கூலியே, நாளுக்கு ஆயிரத்து இருநூறு. மெஷின் சாவி உன்னிடம். நீ ஓடலாம் என்று சொல்லும்வரை மெஷின் ஓடாது. வெள்ளிக்கிழமை எர்த் குழிக்கு இரண்டு குடம், ஒரு குடத்தில் கைப்பிடி உப்பு. ஊற்றுவது நான். இன்றைக்கு ஊற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
மாரிராஜ்
(நீ கேட்டபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன்)